கழுவக் கூடாத குடல்

குற்றாலம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். காலையில் ஒரு அருவியில் குளித்துவிட்டு அடுத்த அருவிக்குப் போகிறவன் போலிருக்கிறது. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட ஈரம், உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, இடுப்பில் ஒரு துண்டு. உட்கார்ந்த ஒரு நிமிடத்தில் அவனுடைய ஈரம் இருக்கையில் ஊறி, என் சேலையில் ஊறி, கடைசியில் என்னிலும் ஊறிவிட்டது. "தள்ளி உக்காருப்பா" என்றேன். "சீசன்லா ஆச்சி" என்றான். சீசன் என்றால் அடுத்தவளை நனைக்கலாம் என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது போல. இங்கே ஆனி, ஆடி மாதங்களில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வண்டி பிடித்து வருகிறார்கள். வரிசையில் நின்று, தலையில் தண்ணீரால் அடி வாங்கி, சந்தோஷத்தில் கத்திவிட்டுப் போகிறார்கள். சிலோனில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னாலேயே ஒரு அருவி இருந்தது. அதன் கீழே யாரும் போய்த் தலையைக் கொடுத்ததில்லை. அதில் பானை கழுவினோம்.

இந்த ஊருக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எனக்கு இந்த ஊரைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மலையில் இன்னும் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிற என் சனங்களே, என்னோடு கப்பலேறி வந்து கேரள எல்லையில் புளியறைக்கு அந்தப் பக்கம் ரப்பர் பால் வடித்தே கிழடாகிப்போன என் சனங்களே, 'அங்கே சுகமா' என்று கேட்டு எழுதுகிறீர்கள். சுகம்தான். அதில் ஒரு குடல் கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

நான் தலைமன்னாரில் கப்பலேறியபோது எனக்குப் பதினெட்டு வயது. புருஷன் கையில் ஒரு குடை, என் கையில் ஒரு பானை, இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட். அதில் இந்தியா என்று போட்டிருந்தது. அங்கே இருந்தவரை எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இராமேசுவரத்தில் கால் வைத்த அன்றே சிலோன்காரி ஆகிவிட்டேன். கடல் நடுவே எங்கேயோ கொஞ்ச நேரம் மட்டும் நான் ஒன்றுமாக இல்லாமல் இருந்திருக்கிறேன். அப்போது வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் அந்தச் சுகத்தையும் அனுபவிக்கவில்லை. முகாமில் சில மாதம் வைத்திருந்து, பிறகு கேரளத்து மலையில் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே புருஷனுக்கு மார்ச்சளி வந்ததும் மலையிறங்கிப் புளியறைக்கு வந்தோம். வந்த புதிதில் பொம்பளைகள் கூட்டமாக வந்து, "சிலோன் சோப்பு இருக்கா? சிலோன் சேலை இருக்கா?" என்று கேட்பார்கள். சிலோனிலிருந்து வந்தவள் வீட்டில் பெட்டி பெட்டியாகச் சாமான் இருக்கும் என்று நினைப்பு. "சிலோன் புருஷன் ஒண்ணு இருக்கு, வேணுமின்னா கொண்டு போ" என்று ஒருத்தியிடம் சொன்னேன். அவள் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. எங்கள் லயத்தில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, "சமைச்சுப் போடுவாரா?" என்று கேட்டிருப்பார்கள்.

புளியறையில் செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கேரளத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திப் பரோட்டாவும் ஆட்டுக்குடல் கறியும் சாப்பிடுவார்கள். அந்தக் குடலைக் கழுவுவதுதான் என் வேலை. இருபது வருடம் கழுவினேன். குடலின் அழுக்கெல்லாம் உள்பக்கம்தான் இருக்கும் என்பதால் முதலில் அதை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். பிறகு கொதிநீர், மஞ்சள், கல்லுப்பு. சிரட்டை விளிம்பால் அந்த வழுவழுப்பு முழுவதும் போகிறவரை சுரண்ட வேண்டும். கடைசியில் வெளுத்த துணி மாதிரி ஆகிவிடும். என் கையில் ஒரு குடல் கிழிந்தது கிடையாது. இந்த ஊர் என்னைப் பாராட்டிய ஒரே விஷயம் அது. அதையும் லாரிக்காரர்கள்தான் சொன்னார்கள், அவர்களும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை.

இப்போது புருஷன் இல்லை. தென்காசியில் மருமகளோடு இருக்கிறேன். மகன் சவுதியில் வண்டி ஓட்டுகிறான். மருமகள் பெயர் இசக்கியம்மாள். குற்றாலம் ரோட்டில் ஒரு பார்மசி காலேஜில் மருந்தைப் பற்றிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். எனக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுவிடுவது அவள்தான். மாமியாரைத் தினமும் இரண்டு முறை குத்துவதற்குச் சட்டப்படி அனுமதி வாங்கிய மருமகள் தென்காசியிலேயே இவள் ஒருத்திதான் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஏன் புள்ள, இந்த எழவை மாத்திரையாக் குடுத்தா என்னா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதைத்தான் அத்தை நான் ஆராய்ச்சி பண்ணுதேன்" என்றாள். "இன்சுலின் பெரிய சாமான். வாய்வழியாப் போனா வயித்து அமிலமே பாதியக் காலி பண்ணிரும். தப்பிச்சுப் போறதையும் குடல் சுவரு உள்ள விடாது. ஆனா பி-டுவெல்வுன்னு ஒரு வைட்டமின் இருக்கு. அதுவும் பெரிசுதான். குடலோட கடைசிப் பகுதியில அதுக்குன்னே ஒரு வாசக்காரன் இருக்கான். அவன் அதை மட்டும் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவான்."

"அதுக்கு?"

"கண்ணுக்குத் தெரியாத சின்ன உருண்டை செய்யுதேன். உள்ள இன்சுலின். வெளிய பி-டுவெல்வை ஒட்டி விட்டுருதேன். வாசக்காரன் வெளிய உள்ளதப் பாத்து உள்ள விடுவான்."

"புளியறையில வைக்கோலுக்கு அடியில ரேஷன் அரிசிய வச்சுக் கொண்டு போவானுங்களே, அது மாதிரி."

"அப்படியும் சொல்லலாம்."

"அப்பக் கள்ளக் கடத்தலுக்கு டாக்டர் பட்டமா?"

அவள் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு அது நல்ல பகடியாகப் பட்டது. பால்காரியிடம் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், இரண்டு தெரு தள்ளியிருக்கிற அவளுடைய அம்மாவிடமே சொன்னேன். எங்கள் மருமகள் கடத்தல்காரி, ஆட்டுக் குடலுக்குள் சரக்கு கடத்துகிறாள், மாட்டினால் வேலை போய்விடும் என்று. வேலை போவது என்று நான் சொன்னது பகடிக்குத்தான். ஆனால் அது பாதி நிஜம். பட்டம் இல்லாத ஆசிரியர்களை இந்த வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். இசக்கிக்குக் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. புதிதாக அறுத்த ஆட்டின் குடலில், கடைசிப் பகுதியில், ஆறு துண்டு எடுத்துச் செய்ய வேண்டும். அதன் அளவைப் பார்க்கிற பெரிய எந்திரம் திருநெல்வேலியில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தாள். அதை விட்டால் அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் அடுத்த வாரம் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். வெள்ளிக்கிழமைக்குள் ஆறு துண்டும் ஒழுங்காக வந்தால் பட்டம். வராவிட்டால் வீடு.

இத்தனை குடல் அவள் கை வழியாகப் போகிறதே, வீட்டில் ஒரு வாய் குடல் கறி கிடைக்காது. "காலேஜ்லயும் குடலு, வீட்லயும் குடலா? எனக்கு கொமட்டுது அத்தை" என்று தடை போட்டுவிட்டாள். இரண்டு வருடமாக நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் புலம்பினேன். மறுநாள் என் புருஷன் செத்த நாள். "அவருக்கு உசுரே குடல்லதான் இருந்துச்சு. ஒரு கரண்டி படைக்க வழியில்லாத வீடாப் போச்சு" என்றேன்.

புதன்கிழமை விடிந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. இசக்கி கறிக்கடைக்குப் போய்த் தெர்மோகோல் பெட்டியோடு திரும்பி வந்தாள். வழக்கமாக அந்தப் பெட்டியை ஸ்கூட்டியிலேயே விட்டுவிட்டு வந்துதான் குளித்துக் கிளம்புவாள். அன்றைக்கு மழையில் நனையும் என்று சமையலறையில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் மூடியைத் திறந்தேன். ஐஸ் நடுவே, உப்புத் தண்ணீரில், இளஞ்சிவப்பாகப் புத்தம் புதிய குடல். அவள் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடத்தில் முதன்முறையாக அவளைப் பற்றி நல்லதாக ஒன்று நினைத்தேன். நேற்று நான் புலம்பியதைக் கேட்டு, படைப்பதற்கென்று சொல்லாமல் கொள்ளாமல் வாங்கி வந்து சமையலறையில் வைத்திருக்கிறாளே, வாயில்தான் விஷம், மனசு நல்ல மனசு என்று. அதுதான் தப்பு. ஒருத்தரைப் பற்றிப் பத்து வருடமாக நினைத்துவந்ததைச் சட்டென்று மாற்றிக்கொள்ளக் கூடாது.

அவள் குளித்துத் தலை துவட்டி வருவதற்குள் நான் குடலைத் திருப்பி, கொதிநீர் விட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, சிரட்டையால் சுரண்டி வெளுக்கவைத்து, விரல்கணுவளவு துண்டாக அரிந்து சட்டியில் போட்டிருந்தேன். வேலை இல்லாத கைக்கு வேலை கிடைத்தால் அப்படித்தான் பறக்கும்.

"அத்தை, இங்கன இருந்த பெட்டி எங்க?"

நான் சட்டியைக் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன்.

அவள் சட்டியைப் பார்த்தாள், சிரட்டையைப் பார்த்தாள், சிரட்டை விளிம்பில் ஒட்டியிருந்த வழுவழுப்பைப் பார்த்தாள். "இது என் குடலு அத்தை" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்த வழுவழுப்புலதான் எல்லாம் இருக்கு. வாசக்காரன் அதுலதான் நிப்பான். ஒருத்தன் மிச்சமில்லாம வழிச்சுட்டிய."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டாள். "வேணுமின்னே செஞ்சியளா?"

எனக்கு எதற்கும் வாயில் பதில் இருக்கும். தோட்டத்தில் வேலை வாங்கிய கங்காணிக்கு இருந்தது, முகாம் அதிகாரிக்கு இருந்தது. அன்றைக்கு இல்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தால், இரண்டு வருடமாகத் தெருத் தெருவாக நான் சொன்ன பகடியெல்லாம் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்து நின்றது. நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதை அவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ, எழுந்து சாப்பிடாமல் போய்விட்டாள். அறுத்த கையோடு அவளுக்கு ஐஸில் போட்டுக் கொடுக்கிறவர் அந்த ஒரு கறிக்கடைக்காரர்தான், அவர் அன்று அறுத்தது அந்த ஒரு ஆடுதான். மறுநாள் வியாழக்கிழமை இன்னொன்று அறுப்பார். அதோடு சரி.

சேதி அவளுடைய அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அந்த அம்மாள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நல்லா இருக்கா மதினி? எம்மவ குடியக் கெடுத்தாச்சா? நாடு விட்டு நாடு ஓடியாந்த அகதிக்குப் படிப்போட அரும எங்கன தெரியும்!"

"அகதி இல்ல மதினி. நான் பாஸ்போர்ட்டோட வந்தவ. ஒங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கா?"

"நான் எதுக்குப் பாஸ்போர்ட் எடுக்கணும்? நான் இங்கனயே பொறந்தவ."

அவள் ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் சொன்னதில் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியாது. சட்டியில் கிடந்த குடலை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெளுத்திருக்கிய" என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போனாள். நாற்பது வருடத்தில் இந்த ஊர்க்காரி ஒருத்தி என்னைப் பாராட்டிய ஒரே நாள் அது.

அன்று சாயங்காலம் ஊசி போடும்போது இசக்கி வாய் திறக்கவில்லை. வழக்கமாக நான், "பாத்துக் குத்து, மாமியா செத்தா கேஸ் ஆகும்" என்பேன். நானும் சொல்லவில்லை. பஞ்சால் துடைத்துவிட்டு எழுந்தவளிடம், "நாளைக்குக் காலேஜுக்கு நான் வந்து குடலைத் திருப்பித் தாரேன்" என்றேன். சோதனைக்கும் குடலை உள்வெளியாகத்தான் திருப்ப வேண்டும் என்றும், கண்ணாடிக் கம்பியில் மாட்டித் திருப்பும்போது பாதிக்குப் பாதி கிழிந்துபோகிறது என்றும் அவளே எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"நீங்க கையே வைக்காண்டாம்" என்றாள்.

வியாழக்கிழமை பெட்டியைத் தரையில் வைக்காமல் கறிக்கடையிலிருந்து நேராகக் காலேஜுக்குப் போனாள். நான் ஒன்பதரை மணிக்குக் குற்றாலம் பேருந்தில் ஏறினேன். பாசத்தில் போனேன் என்று நினைக்காதீர்கள். என் கையில் இதுவரை ஒரு குடல் கிழிந்ததில்லை. நான் வீட்டில் உட்கார்ந்திருக்க, என் மருமகள் ஒருத்தி கண்ணாடிக் கம்பியில் மாட்டிக் கிழித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பேருந்தில்தான் ஈரத்துண்டுக்காரன் வந்து உட்கார்ந்தான்.

காலேஜ் வாசலில் காவலாளி, பாதிச் சேலை ஈரமாக இறங்கி நடந்து வருகிற கிழவியைப் பார்த்தார். "ஆச்சி, இங்கன வைத்தியம் கெடையாது. இது மருந்து படிக்கிற எடம்."

"வைத்தியத்துக்கு வரல. குடலுக்கு வந்தேன்."

"குடல் எறக்கமா? அப்ப தென்காசி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கு டாக்டர் இருப்பாரு."

"எனக்கு இல்லய்யா. என் மருமக குடலு."

"அவியளக் கூட்டிட்டு வரலியா?"

இப்படியே விட்டால் எனக்கே வயிறு வலித்துவிடும் என்று, அவர் யாரையோ கூப்பிடத் திரும்பிய நேரம் பார்த்து உள்ளே போய்விட்டேன். எல்லை தாண்டுவது எனக்குப் பழக்கம்தானே.

இசக்கி ஒரு நீளமான மேசை முன்னால் நின்றாள். கண்ணாடித் தட்டில் குளிர்ந்த உப்புத் தண்ணீர், அதில் சின்னக் குழாய் வழியாகக் காற்றுக் குமிழி, குமிழிக்கு நடுவே குடல். பக்கத்தில் இரண்டு துண்டு கிழிந்து கிடந்தது. அவளுடைய பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அடுத்த வாரம் ஓய்வு பெறுகிற மனிதர், முகம் இப்போதே ஓய்வு பெற்றிருந்தது.

"இப்ப எதுக்கு வந்திய?" என்றாள் இசக்கி.

"எத்தனை கிழிஞ்சிச்சு?"

"ரெண்டு."

"மிச்சம்?"

"ஒரு முழம்."

"எத்தனை வேணும்?"

"ஆறு" என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த துண்டைக் கம்பியில் மாட்டப் பார்த்தாள், நுனி இரண்டு முறை நழுவியது. அந்தக் கையோடு அவள் மூன்றாவதையும் கிழிப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. கண்ணாடிக் கம்பியைக் கீழே வைத்தாள்.

"இவங்க யாரும்மா?" என்றார் பேராசிரியர்.

"எங்க அத்தை சார். நேத்து... அவங்கதான்."

"ஓ" என்றார். அந்த ஓவிலேயே எல்லாம் இருந்தது. பிறகு மரியாதைக்கு, "ஆச்சிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"தென்காசி."

"இல்ல, பேச்சு வேற மாதிரி இருக்கே. சொந்த ஊரு?"

"குடல் வீணாப் போவுது சார். ஊரைப் பெறகு கேளுங்க" என்றேன்.

கையை மூன்று முறை கழுவவைத்து, மெல்லிசான உறை ஒன்றை மாட்டிவிட்டாள். நகம் படக் கூடாது, அழுத்தக் கூடாது, வழுவழுப்பைத் தொடவே கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கம்பியைத் தூக்கி எறியச் சொன்னேன். கம்பிதான் கிழிக்கிறது. குடலைக் குச்சியால் திருப்புகிறவர்கள் அவசரக்காரர்கள். நான் திருப்புவது தண்ணீரால். குடலின் ஒரு முனையைச் சட்டைக் கையை மடிப்பது மாதிரி ஒரு விரல் அளவு வெளிப்பக்கம் மடிக்க வேண்டும். மடித்த இடத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் கிடைக்கும். அந்தப் பள்ளத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரின் பாரமே மடிப்பைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். குடல் தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும். கை பிடித்திருந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. இசக்கி குளிர்ந்த உப்புத் தண்ணீரை ஊற்றினாள். மேல்மடிப்பு நழுவி, மடங்கி, உள்ளே இருந்தது வெளியே வந்து, பூப்போல நின்றது. பேராசிரியர் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டார்.

திருப்புவது எனக்கு வேலையே இல்லை. திருப்பிய பிறகு சும்மா இருப்பதுதான் வேலை. திருப்பியதும் தேய்க்க வேண்டும் என்று இருபது வருடம் படித்த கை இது. கண் முன்னால் அந்த வழுவழுப்பு மினுங்குகிறது. என் பெருவிரல் தானாக அதை நோக்கிப் போனது. இசக்கி வெடுக்கென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அத்தை!" ஒன்றும் ஆகவில்லை. விரலுக்கும் குடலுக்கும் நடுவே ஒரு நெல் அளவு இடம் இருந்தது. அதற்கு மேல் ஒவ்வொரு துண்டும் முடிகிறவரை அவள் ஒரு கையால் தண்ணீர் ஊற்றி, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இப்படித்தான் ஆறும் முடிந்தது. ஒன்றும் கிழியவில்லை.

ஆறு துண்டுக்கும் உள்ளே தெளிந்த உப்புத் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் நூலால் கட்டினாள். குடலின் உள்பக்கம் இப்போது வெளியே இருந்ததால், சுற்றியுள்ள தண்ணீரில் மருந்தைக் கலந்துவிட்டால் போதும், வாய்வழியாகச் சாப்பிட்ட மாதிரி ஆகும். சுவரைத் தாண்டி உள்தண்ணீருக்குப் போனது எவ்வளவோ அதுதான் உடம்புக்குப் போனது. மூன்று துண்டு வெறும் இன்சுலினில், மூன்று துண்டு வேஷம் போட்ட உருண்டையில். இன்சுலினுக்கு ஒரு சாயம் ஏற்றியிருந்தாள். நீல விளக்கின் கீழே பிடித்தால் பச்சையாக ஒளிரும். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

நாற்காலி இரண்டுதான் இருந்தது. பேராசிரியர் டீ குடிக்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் குமிழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் சேலை இன்னும் காயவில்லை.

"வேணுமின்னு செய்யல புள்ள" என்றேன்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அம்மியில தேங்காயும் சீரகமும் அரைச்சு வழிச்சு வச்சிருந்தியள்லா. வேணுமின்னு கெடுக்கிறவ மசாலா அரைச்சிருக்க மாட்டா."

"அப்ப நேத்தே சொல்லியிருக்கலாமே. ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்ல."

"ஒரு நாளாவது வீடு அமைதியா இருக்கட்டுமேன்னுதான் சொல்லல" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. குமிழியை எண்ணுகிறவள் மாதிரி இருந்தாள். பத்து வருடமாக என் கூடவே இருந்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருக்கிறாள் பாவி.

ஒரு மணி நேரம் ஆனது, பேராசிரியரும் திரும்பி வந்தார். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, நீல விளக்கைப் போட்டாள். நூலை அறுத்து, வெறும் இன்சுலினில் கிடந்த துண்டுகளின் உள்தண்ணீரை எடுத்துப் பிடித்தாள். இருட்டுத்தான். ஒன்றும் போகவில்லை. வேஷம் போட்டதில் கிடந்த துண்டுகளை எடுத்துப் பிடித்தாள். பச்சை. லேசாக, பாசி படிந்த மாதிரி. ஆனால் பச்சை. மூன்றிலும் பச்சை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "போதும்மா. நாளைக்கு மெஷின்ல அளவு எடுத்துட்டா முடிஞ்சுது" என்றார். மறுநாள் எந்திரமும் அதையேதான் சொன்னது. இசக்கி இப்போது டாக்டர் இசக்கியம்மாள். மாத்திரை வந்ததா என்று கேட்காதீர்கள். ஆட்டுக் குடலிலிருந்து மனுஷ வயிற்றுக்கு வர எத்தனையோ வருடம் ஆகுமாம். இன்னும் காலையும் மாலையும் குத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்தது. எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அவள் எழவில்லை. பச்சை வந்த அந்த மூன்று குடல் துண்டுகளை மெதுவாக அலசி, ஒரு சின்ன உரலில் போட்டு அரைக்க ஆரம்பித்தாள்.

"அதான் உள்ள போனது தெரிஞ்சிச்சே. வெளிய மிஞ்சினதும் தெரியும். இன்னும் எதுக்கு அரைக்கிற?"

"போட்டது மொத்தம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் அத்தை. உள்ள போனதையும் வெளிய நிக்கிறதையும் கூட்டினா அவ்வளவு வராது. கொஞ்சம் சுவருக்குள்ளயே தங்கிரும். அரைச்சாத்தான் தெரியும்."

"அது பெறகு உள்ள போயிருமா?"

"கொஞ்சம் போகும். கொஞ்சம் அங்கனயே கெடக்கும். சொல்ல முடியாது."

"வெளிய திரும்பி வருமா?"

"திரும்புகாலே கெடையாது அத்தை. வாசக்காரன் ஒருக்கா கையப் புடிச்சு இழுத்துட்டான்லா."

அரைத்ததை வடிகட்டி, ஐஸில் வைத்திருந்த ஒரு குப்பியில் எடுத்தாள். இப்போது மேசையில் மூன்று குப்பி. வெளியே நின்றது, உள்ளே போனது, சுவரில் தங்கியது. நீல விளக்கில் மூன்றும் ஒளிர்ந்தன. ஒன்று கூட, ஒன்று குறைய. நிறம் ஒன்றுதான். பேராசிரியர் இப்போது நல்ல மனநிலையில் இருந்தார். "ஆச்சி, ஊரைப் பெறகு கேக்கச் சொன்னீங்களே. இப்ப சொல்லுங்க, எந்த ஊரு?" என்றார். நான் மூன்றாவது குப்பியைக் காட்டினேன். அது என்ன என்று நான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவர் குடல் சுவரைப் பற்றி முதலிலிருந்து எனக்கு விளக்கத் தொடங்கினார். நல்ல மனிதர். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

அவர் பேசி முடித்ததும் இசக்கியிடம், "கண்ண மூடு. நான் குப்பிய மாத்தி வைக்கிறேன். எது எதுன்னு சொல்லு பாப்போம்" என்றேன்.

"ஐயோ வேண்டாம் அத்தை!" என்று பதறிப்போய் மூன்றையும் கையால் அணைத்துக்கொண்டாள். "சீட்டு ஒட்டலைன்னா எனக்கே தெரியாது."

வெள்ளைச் சீட்டுகளைக் கிழித்து எழுதி ஒட்டினாள். முதல் இரண்டும் உடனே ஒட்டின. மூன்றாவது குப்பி மட்டும் ஐஸில் இருந்து எடுத்ததால் வேர்த்திருந்தது. சீட்டு நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவள் துடைத்துத் துடைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அது பாட்டுக்கு உள்ளே பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.